ரேடியத்தின் மேல் ஒட்டிய ஷீட்

அண்ணனுக்கு ‘முடியாது’ என்ற ஒரு வார்த்தை மட்டும் வாயில் வராது. கெட்ட வார்த்தை வரும், பழைய பாட்டு வரும், பீடிப் புகை வரும். இது வராது. யார் வந்து எதைக் கேட்டாலும் கையிலிருந்த கட்டரைக் கீழே வைத்துவிட்டு, “அதுக்கின்னா, செஞ்சிட்லாம்” என்பார். ஓர் உயிர் போனதற்கும் அந்த வார்த்தைதான் காரணம். எடுத்த எடுப்பிலேயே இதைச் சொன்னால் நீங்கள் அவரைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள் என்று தெரியும். அவருடையது பாதித் தப்புதான். மீதிப் பாதி யாருடையது என்பதையும் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மலை மேல் ஜமுனாமரத்தூரில் பஸ் வந்து நிற்கும் இடத்துக்கு எதிரே எனக்கு ஒரு ஸ்டிக்கர் கடை. எங்கள் பக்கத்தில் அதை ரேடியம் கடை என்பார்கள். நம்பர் பிளேட், ஊர்ப் பெயர்ப் பலகை, வண்டிக்குச் சாமி படம், ஆட்டோவுக்குப் பின்னால் ‘அம்மா ஆசி’, எல்லாம் உண்டு. கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது நான். ஒட்டுவது அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை, செங்கத்துப் பக்கத்துக்காரர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மனைவியை ஊரில் விட்டுவிட்டு, கடைக்குப் பின்னால் இருந்த அறையில் தங்கி வேலை செய்தார். கடைக்கு முதலாளி நான், எனக்கு முப்பது வயது, இருந்தும் என்னை அவர் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவார். வாடிக்கையாளர்கள் எதிரில் அப்படிக் கூப்பிடாதே என்று எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். “சரி பாப்பா” என்பார்.

கல்யாணமே அவருக்கு இந்த வாயால்தான் நடந்தது. “தாய்மாமன் வந்து, எம்பொண்ணக் கட்டிக்கோடான்னாரு. சரின்னுட்டேன். அப்பால வூட்டுக்கு வந்துதான் எந்தப் பொண்ணுன்னு கேட்டேன், அவருக்கு மூணு பொண்ணுங்க” என்று சொல்லிச் சிரிப்பார். நல்ல வேளையாக நல்ல மனுஷியாக வாய்த்தது.

ஒட்டுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. திருப்பத்தூரிலிருந்து பெரிய கடைக்காரர்களே கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவர்களிடமும் “வர்றேன்” என்றுதான் சொல்லியிருந்தார். நான்கு பேரிடம் ஒரே தேதிக்கு ஒப்புக்கொண்டுவிட்டு, அன்றைக்குப் போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டு என் கடையில் உட்கார்ந்திருந்த ஆள் அவர். எனக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

மெட்டாலிக் ஷீட் எங்கள் கடைக்கு வந்தபோது மலையே எட்டிப் பார்த்தது. சாதாரண லேமினேஷன் என்றால் கண்ணாடித்தாள் மாதிரி, அச்சடித்த படத்தின் மேல் ஒட்டினால் வெயில் மழைக்குப் படம் வெளுக்காது, அவ்வளவுதான். இது வேறு. பார்க்க மெல்லிய கண்ணாடித்தாளாகத்தான் இருக்கும், ஆனால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத வெள்ளிப் பொடி. படத்தின் மேல் ஒட்டிவிட்டால் அடியில் இருப்பது அத்தனையும் உலோகத்தில் வார்த்த மாதிரி மின்னும். மஞ்சள் பித்தளையாகும், சிவப்பு செம்பாகும். முருகனுக்கு ஒட்டினோம், வேல் நிஜ வேலாகவே ஆகிவிட்டது.

முதலில் அதைக் கேட்டு வந்தது வண்டிக்காரன் இல்லை, மாட்டுக்காரன். அடிவாரத்து ஊரில் எருது விடும் விழா. காளையைக் கயிற்றோடு கடை வாசலுக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். “கொம்பு ரெண்டும் தங்கமா மின்னணும் ணா” என்றான். நான் கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்தே கத்தினேன். “கொம்புக்கெல்லாம் ஒட்ட மாட்டோம், போய்யா.” அண்ணன் அதற்குள் வெளியே போய்க் கொம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். “அதுக்கின்னா, செஞ்சிட்லாம்.”

வளைவில் ஷீட் படிய வேண்டுமென்றால் ஹீட் கன்னால் சூடு காட்ட வேண்டும். அந்தச் சத்தத்துக்குக் காளை மிரண்டு பக்கத்துப் பழக்கடைத் தட்டைச் சாய்த்தது. கடைக்காரம்மா எங்கள் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினாள். அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? மஞ்சள் ஸ்டிக்கர் மேல் ஷீட்டை ஒட்டி, அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துச் சூடாக்கி, வாயால் ஊதி ஊதி ஒட்டினார். அரை நாள் ஆயிற்று. காளை அவர் தோளை நக்கிக்கொண்டு நின்றது. மறுநாள் அது ஓடியபோது பரிசு வாங்கியதா என்று யாரும் கேட்கவில்லை, கொம்பைப் பற்றித்தான் பேச்சு. அந்தப் பொங்கலுக்கு மேலும் ஆறு ஜோடிக் கொம்பு ஒட்டினார். கையெல்லாம் சிவந்து போய், சாப்பாட்டை ஸ்பூனால் சாப்பிட்டார். “ஒரு வாட்டி முடியாதுன்னு சொல்லித்தான் பாரேன் ணா, வாய் வெந்தா பூடும்?” என்று கேட்டேன். “பாவம் பாப்பா, ஆசையா வந்துக்கிறாங்க” என்றார்.

அவருடைய வாதம் எப்போதும் அதுதான். ஆசையாக வந்திருக்கிறார்கள்.

டீக்கடைக்காரர் ஒருவர் பழைய வேன் ஒன்று வாங்கி, முழுக்க மெட்டாலிக் போடச் சொன்னார். அந்த ஷீட்டுக்கு ஒரு குணம் உண்டு. எல்லாத் துண்டையும் ரோலில் வந்த ஒரே திசையில்தான் ஒட்ட வேண்டும். ஒன்றைத் திருப்பி ஒட்டினால் கடைக்குள் டியூப் லைட்டில் ஒன்றும் தெரியாது, வெயிலுக்குப் போனால் அந்தத் துண்டு மட்டும் வேறு நிறமாக நிற்கும். டீக்கடைக்காரர் மீந்த துண்டைக் காட்டி, “இத்தத் திருப்பிப் போட்டா ஒரு கதவுக்கு ஆவுமே, இன்னாத்துக்கு வீணாக்கற?” என்றார். தெரிந்தே திருப்பி ஒட்டினார் அண்ணன். வேன் வெயிலில் போய் நின்றதும் ஒரு கதவு மட்டும் இரவல் வாங்கி மாட்டியது போல இருந்தது. டீக்கடைக்காரரே “பரவால்ல வுடு, எஞ்சொல்லுதான்” என்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அன்றைக்கு யாரிடமும் சொல்லாமல் போய், அந்தக் கதவை உரித்துப் புது ஷீட் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார்.

அப்படித்தான் அவர். தலையாட்டுவதற்கான தண்டனையைத் தானே அனுபவித்துக்கொள்வார். கை வேகும், ஞாயிற்றுக்கிழமை போகும், தூக்கம் கெடும், எல்லாம் அவருடையது. அதனால்தான் நானும் அதை ஒரு வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் ஒத்துக்கொண்டதற்கு இன்னொருத்தர் விலை கொடுக்க வேண்டி வரும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆடித் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பிக்கப் வண்டிக்காரன் வந்தான். மலையிலிருந்து சாமையும் புளியும் ஏற்றிக்கொண்டு திருப்பத்தூர் போகிறவன். என் வயசுக்காரன், வாயாடி. வண்டியின் பின் கதவில் ஏற்கெனவே நாங்கள் ஒட்டிய மயில் படம் இருந்தது. அதன் மேல் மெட்டாலிக் ஷீட்டைக் கதவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே துண்டாகப் போட வேண்டும் என்றான்.

இடையில் ஒரு சங்கடம். மயிலுக்குக் கீழே சிவப்பு ரேடியம் பட்டை. எல்லா வண்டிக்கும் பின்னால் இருக்குமே, இருட்டில் பின்னால் வருகிற வண்டியின் வெளிச்சம் பட்டால் அப்படியே திருப்பி அடிக்குமே, அது.

“பட்டைய வுட்டுட்டு வெட்டி ஒட்றேன் தம்பி” என்றார் அண்ணன்.

“நடுவுல வுட்டா கிழிஞ்ச வேட்டி மாதிரி இருக்கும் ணா. மேலயே ஒட்டு. அதான் கண்ணாடி மாதிரி கீதே, உள்ள கீறது தெரியும்ல?”

“தெரியும். ஆனா ராத்திரில திருப்பி அடிக்காது. ரேடியம் செத்துடும்.”

“நான் இன்னா ராத்திரிலயா ஓட்றேன்? பகல் வண்டி ணா இது.”

அண்ணன் என் பக்கம் வந்தார். குனிந்து மெதுவாக, “நீ சொல்லேன் பாப்பா, முடியாதுன்னு. நீ சொன்னா கேப்பான்” என்றார். அந்த மனுஷன் தன்னால் முடியாததை என்னிடம் கேட்டார். எனக்கோ அந்தக் கதவு திருவிழாவில் எப்படி மின்னப் போகிறது என்பதுதான் கண்ணில் நின்றது. அதைப் பார்த்து எத்தனை வண்டி நம் கடைக்கு வரும் என்ற நினைப்பு வேறு. “ஆசையா வந்துக்கிறாங்கல்ல, ஒட்டு ணா” என்றேன். அவர் வார்த்தையை அவருக்கே திருப்பிக் கொடுத்தேன். கேலியாகத்தான் சொன்னேன்.

“சரி, செஞ்சிட்லாம்” என்றார்.

ஒரு குமிழி இல்லாமல் ஒட்டினார். வண்டியை வெயிலுக்குத் தள்ளியதும் தெருவே நின்று பார்த்தது. மயிலின் கழுத்து நிஜமாகவே திரும்பப் போவது போல இருந்தது. அந்தச் சிவப்புப் பட்டை எல்லாவற்றையும் விட அழகாக, புதுச் செம்புக் குடம் போலத் தகதகத்தது. பகலில் அவ்வளவு மின்னுகிறதே, இருட்டில் மட்டும் எங்கே போய்விடப் போகிறது என்று நானே நினைத்தேன். நான் ரேடியம் கடைக்காரி! மின்னுவது வேறு, வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவது வேறு என்று தெரிந்தவள். கண் பார்த்ததை மனசு நம்பிவிட்டது.

மார்கழியில் இருட்டுப் பிரியாத ஒரு விடியற்காலை. சாமை மூட்டையோடு இறங்கிய அந்த வண்டி மலைப் பாதையில் ஒரு திருப்பத்தில் பஞ்சர் ஆகி நின்றிருக்கிறது. பனி. வண்டிக்காரன் லைட்டையும் போடவில்லை, பின்னால் வருகிறவர்களுக்கு அடையாளமாகத் தழை ஒடித்தும் போடவில்லை. டயருக்கு அண்டை கொடுக்கக் கல் தேடிப் போயிருக்கிறான். ஷூ கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பையன், இருபத்திரண்டு வயசு, பைக்கில் வந்து அந்தப் பின் கதவில் மோதினான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டான்.

செய்தி கடைக்கு வந்தபோது அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரை அப்படியே வைத்துவிட்டு டார்ச்சை எடுத்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். வண்டியைப் போலீஸ் ஸ்டேஷன் அருகில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். கதவு உள்ளே மடங்கியிருந்தது, பட்டையில் ஒரு பக்கம் மட்டும் நசுங்காமல் இருந்தது. வண்டியில் கிடந்த தார்ப்பாயை இழுத்துத் தன் தலை மேலும் கதவின் மேலும் போர்த்திக்கொண்டு, அந்தப் பட்டப்பகலில், உள்ளே இருட்டாக்கி, டார்ச் அடித்துப் பார்த்தார். பார்த்தவர்களுக்கு அவருக்கு என்னமோ ஆகிவிட்டது என்றுதான் தோன்றியிருக்கும். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. நான் தார்ப்பாயைத் தூக்கினேன்.

“ஒண்ணுமே திரும்பி வர்ல பாப்பா” என்றார்.

கடைக்கு வந்ததும் சட்டையை மாற்றினார். “நான் போய் அந்தப் பையனோட அம்மாகிட்ட சொல்லிட்டு வந்துடறேன். நாந்தான் பட்டைய மூடுனேன்னு சொல்லிடறேன்.”

நான் குறுக்கே போய் நின்றேன். என்னென்ன சொன்னேன் என்பது எனக்கு ஒரு எழுத்து விடாமல் நினைவிருக்கிறது. “சொன்னா செத்தவன் எழுந்து வருவானா? லைட்டு போடாம நிறுத்துனவன் அவன். கேஸும் அவன் மேலதான் போட்டுக்கிறாங்க. நீ போய் வாயத் தொறந்தேன்னா கடைய மூடிட்டு நம்ம ரெண்டு பேரும் கோர்ட்டுக்கு அலையணும். பேசாம இரு ணா. எனக்காக இரு.”

அவருக்கு முடியாது என்று சொல்ல வராது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

“சரி பாப்பா” என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அந்தப் பையனின் அம்மா எங்கள் கடைக்கே வந்தாள். மெலிந்த உருவம், வெளுத்த புடவை, கையில் மகனின் போன். அதில் ஒரு படத்தைக் காட்டினாள். பைக் மேல் சாய்ந்து நின்று சிரிக்கிறான் பையன்.

“இத்தப் போர்டா செஞ்சி குடுங்க கண்ணு. அந்தத் திருப்பத்துல, அவன் வுழுந்த எடத்துல வெக்கணும்” என்றாள். “சும்மா செய்யாதீங்க. அந்தப் பிக்கப் வண்டில மினுக்குச்சே, அதே தாள் போடுங்க. எம்புள்ள அந்த வண்டியப் பாக்கறப்பல்லாம், எம்பைக்குக்கும் அதுமாதிரி போட்டுக்கணும்மான்னு சொல்லிகினே இருப்பான். கடசில அது மேலயே போய் வுழுந்துட்டான் பாரு.”

யாரையும் குத்திச் சொல்லவில்லை அவள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. வண்டிக்காரனும் தன் தலை தப்பினால் போதும் என்று பட்டையைப் பற்றி மூச்சு விடவில்லை.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டு, போனிலிருந்து படத்தை ஏற்றத் தொடங்கினேன்.

“செஞ்சிட்லாம்மா” என்றார் அவர்.

இரண்டு நாள் அந்தப் போர்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பையனின் சட்டை நீலம், ஷீட் போட்டதும் அது மழை நின்ற வானம் போல ஆனது. ஓரத்தில் நான்கு பக்கமும் மூன்று விரல் அகலத்துக்குச் சிவப்பு ரேடியம் ஒட்டினார். அதன் மேல் ஷீட் ஒரு நூல்கூடப் படவில்லை. கட்டரால் அளந்து அளந்து வெட்டினார். மறைவில் வைத்து டார்ச் அடித்துப் பார்த்தார், திரும்பத் திரும்பப் பார்த்தார்.

போர்டை வாங்க வந்த அந்த அம்மா மகன் முகத்தைத் தடவினாள். “இன்னாத்துக்குப்பா சுத்திச் செவப்பு?”

“வண்டிங்களுக்குத் தூரத்துலயே தெரியணும்மா.”

அவள் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “இந்தக் கை நல்லா இருக்கணும். எம்புள்ளய எனக்குப் பளபளன்னு திருப்பிக் குடுத்துட்ட” என்றாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. சொல்லிவிடட்டுமா பாப்பா என்று கேட்கிறார். நான் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு முறை ஆட்டினேன். அவ்வளவுதான். அதைவிடப் பெரிய பாவம் நான் எதுவும் செய்ததில்லை.

மறுநாள் காலை பின்னறை காலியாக இருந்தது. ஷீட்டைத் தேய்த்து ஒட்டும் ஸ்குவீஜி, ஹீட் கன், கட்டர் எல்லாவற்றையும் துடைத்து மேஜை மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

போன் போட்டால் எடுப்பார். “எப்ப ணா வர்ற?” என்றால், “வர்றேன் பாப்பா” என்பார். பொங்கலுக்குச் சொன்னார், சித்திரைக்குச் சொன்னார், அடுத்த ஆடிக்கும் சொன்னார். செங்கம் சந்தையில் மூட்டை தூக்குகிறார் என்று யாரோ சொன்னார்கள். ஷீட் பிடித்த கை அது, நான் நம்பவில்லை. வரவே மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். அந்த அம்மாவிடம் சொல்வது பற்றிய பேச்சை மட்டும் இரண்டு பேருமே எடுக்கவில்லை. அவர் நான் எடுப்பேன் என்று காத்திருந்தார் போல. நான் அவர் மறந்துவிடுவார் என்று காத்திருந்தேன்.

போன மாசம் அவர் நம்பரிலிருந்து கூப்பிட்டார்கள். சந்தோஷமாக எடுத்தேன். அவர் மனைவி பேசினார்.

“அவரு பூட்டாரு மா. இருவது நாள் ஆவுது. நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்னேன், சரின்னாரு. சட்ட போட்டுகினு வர்றதுக்குள்ள...” என்று நிறுத்தினார். பிறகு, “உங்களாண்ட ஒண்ணு கேக்கணும். பாப்பா ஒரு வார்த்த சொல்லிட்டா மலைக்குப் போய் ஒருத்தங்களப் பாத்துட்டு வந்துடுவேன்னு சொல்லிகினே இருந்தாரு. யோவ், போய்ட்டு வாயேன், யாரு புடிச்சிகினு இருக்காங்கன்னா, பாப்பா வேணாம்னுச்சேன்னுவாரு. யாரு மா அது? யாரப் பாக்கணும்னாரு?”

“தெரியலக்கா” என்றேன். போனை வைத்துவிட்டுக் கடைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுகை எல்லாருக்கும் வரும். ஒரு வார்த்தை, போய்ச் சொல்லிட்டு வா ணா என்று ஒரே ஒரு வார்த்தை, அது எனக்கு வரவில்லை. அதைக் கேட்காமலேயே அந்த மனுஷன் போய்விட்டார்.

அந்தப் பையனின் அம்மா மாசத்துக்கு ஒருமுறையாவது கடை வழியாகப் போவாள். போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்து, “அந்தத் தம்பி வந்துச்சா?” என்பாள். போன வாரமும் வந்தாள். இந்த முறை சொன்னேன், இறந்துவிட்டார் என்று.

படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் யாரோ சொந்தக்காரர் செத்துவிட்டார் என்று நினைத்திருப்பார்கள். “ஒரு சுடுசொல் பேசாத புள்ள. எம்புள்ளக்கு அவன் செஞ்சத யாரும் செய்யல கண்ணு” என்றாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்தாள்.

“அதும் பொண்டாட்டி செங்கத்துல தான கீது? ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துட்றேன். ஒண்டியா இன்னா பண்ணுதோ பாவம். தோ பஸ்ஸு நிக்குது. அட்ரஸ் குடு கண்ணு.”

அட்ரஸ் என் போனில் இருந்தது. போன் என் கையில் இருந்தது.

“தெரியாதும்மா” என்றேன்.